மக்கள் பணத்தில் பிறந்த மருந்து, முதலாளி வைத்த விலை

லாபத்தில் கை வைத்தால் புது மருந்தே பிறக்காதாம்! மருந்துக் கம்பெனி முதலாளிகளும் அவர்களுக்குப் பல்லக்குத் தூக்கும் பத்திரிகைகளும் ஓயாமல் பாடும் பாட்டு இது. ஆராய்ச்சிக்குக் கொட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டாமா என்று நம்மையே கேட்கிறார்கள்.

நல்லது, தோழர்களே. ஒரே ஒரு மருந்தின் கதையைப் பார்ப்போம். என்சலூட்டமைட் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனாலும் ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டிய பெயர்.

ஆண்களுக்கு மூத்திரப் பைக்கு அடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி உண்டு. புராஸ்டேட் என்பார்கள். வயது ஏறினால் அது வீங்குவது சகஜம். இரவில் நாலு தடவை எழுந்து போகிறவருக்கெல்லாம் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். ஆனால் சிலருக்கு அதில் புற்று வைக்கிறது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியும் இராது, அடையாளமும் இராது. எலும்புக்குப் பரவி இடுப்பும் முதுகும் நோகும்போதும், மூட்டை தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர் உண்டு. மூத்திரம் தடைப்பட்டாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, வெட்கப்படாமல் டாக்டரிடம் போக வேண்டும். அவர் விரலால் தொட்டுப் பார்ப்பார், பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை செய்வார். அந்த எண் கூடியதாலேயே புற்று என்று முடிவு கட்டக் கூடாது. வெறும் வீக்கத்தாலும் கூடும். ஊசியால் சதையெடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். நோய் சுரப்பிக்குள் இருக்கும்போதே பிடிபட்டால், அறுவையாலோ கதிர்வீச்சாலோ குணமாக்க வழியுண்டு.

பரவிவிட்டால்? ஆண் ஹார்மோன்தான் இந்தப் புற்றுக்குத் தீனி என்பதை 1941ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் காட்டினார். 1966ல் நோபல் பரிசும் பெற்றார். விதையை அகற்றினாலும், ஊசி போட்டு ஹார்மோனை அடக்கினாலும் புற்று சுருங்கும். சில காலம் கழித்து மறுபடி தலைதூக்கும். அந்தக் கட்டத்தில் ஆயுளை நீட்டுகிற மருந்துகளில் ஒன்றுதான் நாம் சொன்ன என்சலூட்டமைட்.

இதைக் கண்டுபிடித்தது கம்பெனியா? இல்லவே இல்லை! லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகள். பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிலையமும் ராணுவ இலாகாவும். அதாவது, வரி கட்டிய அமெரிக்க மக்கள்! நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் வேலையைக் கம்பெனி செய்தது, செலவும் செய்தது; மறுக்கவில்லை. அதற்குக் கூலி இவ்வளவா?

உரிமை மெடிவேஷன் என்ற கம்பெனிக்குப் போயிற்று. 2012ல் மருந்து விற்பனைக்கு வந்தது. 2016ல் அமெரிக்காவில் ஒரு வருஷ மருந்தின் விலை 1,29,000 டாலருக்கு மேல்! மாத்திரை ஒன்றுக்கு 88 டாலர். தினம் நாலு மாத்திரை. அதே மாத்திரையை 3 டாலருக்குச் செய்து தருவதாகக் கனடாவில் உள்ள ஒரு கம்பெனி அமெரிக்க அரசிடம் முன்வந்தது. மீதி 85 டாலர் எந்த ஆராய்ச்சிக்கு ஐயா?

அந்த வருஷமே பைசர் கம்பெனி ஏறக்குறைய 1,400 கோடி டாலர் கொடுத்து மெடிவேஷனை விழுங்கியது. பல்கலைக்கழகத் தரப்பின் ராயல்டி உரிமை 114 கோடி டாலருக்குக் கைமாறியது. நோயாளியைத் தவிர எல்லோருக்கும் அறுவடை!

அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பு மக்களுக்கு நியாயமாகக் கிட்டாவிட்டால், அதைச் செய்யும் உரிமையைப் பிறருக்கும் தர அமெரிக்காவில் 1980ம் வருஷச் சட்டமே இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தக் கோரி மனுப் போட்டார்கள். 2016லும் தள்ளுபடி, 2023லும் தள்ளுபடி. மருந்துதான் பரவலாகக் கிடைக்கிறதே என்பது பதில். நகைக்கடையில் தங்கமும்தான் கிடைக்கிறது!

பல்கலைக்கழகம் இந்தியாவிலும் பேடண்ட் கேட்டது. ஏற்கனவே தெரிந்த பொருளிலிருந்து எளிதில் எட்டக்கூடியதே இது என்று, 2016 நவம்பரில் நமது பேடண்ட் ஆபீஸ் மறுத்தது. விடவில்லை, டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய மாணவர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கடைசியில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. இன்று இந்தியக் கம்பெனிகள் இதைத் தயாரிக்கின்றன.

அமெரிக்க விலை இங்கும் வந்திருந்தால்? 2016ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 203 ரூபாய். ஒரே நாள் மருந்துக்கு நூறு நாள் கூலியும் போதாது! உள்நாட்டுக் கம்பெனியும் தர்மசத்திரம் நடத்தவில்லை. அந்த விலையும் கூலிக்காரனுக்கு பாரம்தான்.

ஆகவே சர்க்காரைக் கேட்கிறோம்: ரத்தப் பரிசோதனையும் ஊசிச் சோதனையும் ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் இலவசமாக நடக்க வேண்டும். மாத்திரையை மொத்தமாகக் கொள்முதல் செய்து அங்கேயே கொடுக்க வேண்டும். அயல்நாட்டு ஒப்பந்தங்களில் பேடண்ட் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்துப் போடக் கூடாது.