கண்டமாலையும் சங்கத்தின் கடமையும்

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் பெண்ணொருத்தி கழுத்தைத் தலைப்பால் மூடியவாறே மாதக்கணக்கில் வேலை பார்க்கிறாள். விசாரித்தால், "நெறி கட்டியிருக்கிறது" என்பாள். தறி மேடையிலும் பருத்திக் காட்டிலும் இதே விடையை நாம் கேட்டிருக்கிறோம்.

முன்னோர் கண்டமாலை என்றழைத்த நோய் பெரும்பாலும் நெறிகளைப் பற்றும் காசநோயேயாகும். நுரையீரலைக் கெடுக்கும் அதே கிருமி இங்கே கழுத்திலோ அக்குளிலோ தங்கிக் கட்டியாகத் திரள்கிறது. வலி அதிகமில்லாமையால் அசட்டை மிகுகிறது. இங்கிலாந்தில் இதற்கு அரசர் கை பட்டாற் போதுமென்று நம்பினர். 1712இல் குழந்தை சாமுவேல் ஜான்சனை ஆன் அரசி தொட்டும் நோய் தீரவில்லை. நம்மவர் பற்றுப் போட்டுக் காத்திருப்பதை எண்ணுங்கால், அவர்களைப் பார்த்து நகைக்க நமக்கு உரிமையில்லை!

இரண்டு வாரத்திற்கு மேல் கட்டி நீடித்தால் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிது எடுத்து உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். கிருமியின் மரபணுவைக் காட்டும் கருவியிலும் சோதிப்பார்கள். ரிபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் அக்கருவி தெரிவிக்கும். ஊசியில் விளங்காவிடில் நெறியையே எடுத்துச் சோதிப்பதுண்டு. நெஞ்சுக்கும் எக்ஸ்ரே அவசியம். புற்றுநோயும் இவ்வாறே கட்டியாகத் தோன்றக்கூடுமாதலால், சோதிக்காமல் மருந்துண்பது தகாது. கொப்புளமென்றெண்ணிக் கீறிவிடுவதோ பெருந்தீங்கு. ஆறாத புண்ணாகிச் சீழ் வடிந்துகொண்டேயிருக்கும்.

சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பின் 4 மாதம் மூன்று, யாவும் இலவசம். சிறுநீர் செம்மஞ்சளாவது மருந்தின் நிறமே, அஞ்ச வேண்டியதில்லை. கண் மஞ்சளானால் மட்டும் தாமதமின்றி வைத்தியரிடம் செல்க. நடுவில் கட்டி பெருப்பதும் புதிதாய் ஒன்று தோன்றுவதும் உண்டு. அதனாலேயே மருந்து பலிக்கவில்லையென்று நிறுத்திவிடுகிறார்கள். வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

நம்மை வருத்துவது மற்றொன்று. நோய் தெரிந்ததும் வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். பெண்ணாயின் கல்யாணப் பேச்சும் நின்றுவிடுகிறது. நுரையீரலைப் பற்றாத வரையில் இது பிறருக்குத் தொற்றுவதில்லை. நுரையீரல் காசத்திற்கே சென்னையில் 1956இல் தொடங்கி, 1959இல் முடிவு வெளியிடப்பட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்துண்டோர், சானடோரியத்தில் படுத்திருந்தோரைப் போலவே குணமடைந்தனர்; அவர்தம் குடும்பத்தாருக்கும் அதனால் அபாயம் மிகவில்லை. பெருந்துறையில் சானடோரியம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஆனால் நோயாளியை ஊரைவிட்டு அனுப்பும் காலம் மலையேறிவிட்டது.

வைத்தியம் சர்க்காரின் காரியம், சங்கத்திற்கென்ன என்று சிலர் கேட்கலாம். சோதனைக்குச் செல்லும் நாளில் கூலி போகிறது; அக்கூலியை நினைத்தே பலர் செல்வதில்லை. சிகிச்சைக் காலத்தில் ஊட்டத்திற்கென அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது. நன்றே, எனினும் ஓடாத தறிக்கு அது ஈடாகாது. சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து, சோதனை நாட்களின் கூலியையும் பஸ் கட்டணத்தையும் தரலாமென்பது நம் அபிப்பிராயம். நோயுற்ற அங்கத்தினரின் பாவும் நூலும் வேறொருவருக்குப் போகாதிருக்கவும் விதி செய்ய வேண்டும். வரும் மகாசபையில் இதனைத் தீர்மானமாக வைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.