பிள்ளைகள் பாசறைக்குப் போகட்டும்

"நாளைக்கு நாங்க கேம்புக்குப் போறம், அம்மம்மா" என்று ஒரு சிறுவன் சொன்னால், நம் ஊர்களில் எத்தனை மூதாட்டிகளுக்கு அடிவயிறு கலங்கும்! 'கேம்ப்' என்றால் நமக்கு இரண்டு பொருள்தான். ஒன்று, ஆட்களைக் கொண்டுபோன இராணுவ முகாம். மற்றது, 1990இல் பாயும் பானையுமாகப் போய் ஒதுங்கிய அகதி முகாம். ஆகவே பாடசாலையோ பங்கோ ஒரு பாசறையை ஒழுங்கு செய்தால், "வேணாம் மனே" என்று மறித்துவிடுகிறோம். இது சரியா?

சரியன்று என்பதே என் கருத்து. நாம் பட்டது வீடிழந்து வெளியில் கிடந்த துன்பம். பிள்ளைகள் போவதோ, வீடு இருக்க, ஓரிரு இரவு வெளியே தங்கிப் பழக. இலங்கையில் சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது. தண்ணீர் தேடுதல், அடுப்பு மூட்டுதல், முடிச்சுப் போடுதல், இருட்டில் காவல் இருத்தல் என்று அது கற்பிப்பவை யாவும், நம் பெற்றோர் வட்டையில் வாடி கட்டிச் செய்த வேலைகளே. காணியை விட்டுப் பெயர்ந்தபோது அந்த அறிவும் கைமாறாமல் நின்றுவிட்டது. காணி திரும்பக் கிடைத்தாலும், அதில் ஓர் இரவு தங்கத் தெரியாத பிள்ளையிடம் அதை எப்படி ஒப்படைப்பது?

வேதாகமத்தைப் பாருங்கள். எகிப்திலிருந்து வெளியேறிய மக்கள் கூடாரங்களில் வாழ்ந்ததைப் பின்வந்த சந்ததி மறவாதிருக்க, ஆண்டுதோறும் ஏழு நாள் கூடாரங்களில் தங்கும்படி லேவியர் நூல் 23ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அதுவும் அறுவடை முடிந்த பின் மகிழ்ச்சியோடு கொண்டாடும் விழாவாக! துன்பத்தின் கூடாரமே நன்றியின் கூடாரமாக மாறியது.

ஆனால் ஆயத்தமின்றி அனுப்புவது அன்பாகாது. முதலில் காலம் பார்க்க வேண்டும். மாரியில் பாசறை கூடாது. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்று மதரசா மாணவர்கள் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. சிறுபோக அறுவடைக்குப் பிந்திய காய்ந்த நாட்களே நல்லவை. முதலாவது இரவு காட்டில் வேண்டாம். சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலய வளவு போன்ற, கிணறும் மலசலகூடமும் உள்ள இடம் போதும். யானை வரும் வட்டையையும், தென்னைமர அடியையும், ஆற்றுப் படுகையையும் தவிர்க்க வேண்டும்.

விலையுயர்ந்த கூடாரம் தேவையில்லை. ஒரு தறப்பாள், கயிறு, பாய், போர்வை, டோர்ச், மாற்றுடுப்பு, செருப்பு, நுளம்புவலை இருந்தால் போதும். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்ற வேண்டும். காலில் புண்ணுள்ள பிள்ளையைச் சேற்றில் இறங்க விடக்கூடாது. எலிக்காய்ச்சல் அவ்வழியே வரும். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். அசையாமல் கிடத்தி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். 1990 என்பது நமக்கு ஒரு கசப்பான ஆண்டு. இன்று அதுவே இலவச அம்புலன்ஸை அழைக்கும் இலக்கம். பிள்ளைகள் அதைப் பாடமாக்கட்டும். படுக்குமுன் தலை எண்ணி, நெருப்பை நீரூற்றி அணைப்பது பொறுப்பாளரின் கடமை.

பெரியோரே, நீங்களும் ஓர் இரவு அவர்களோடு போய் இருங்கள். வாடி கட்டிய விதத்தையும், யானையை விரட்டிய விதத்தையும் சொல்லுங்கள். அக்கம்பக்கத்து வாடிகளில் காவலிருந்த சம்மாந்துறை முஸ்லிம் விவசாயிகளையும் அழையுங்கள்; அவர்களின் பிள்ளைகளும் வரட்டும். 'கேம்ப்' என்ற சொல்லுக்கு நம் பேரப்பிள்ளைகளாவது மூன்றாவது ஒரு பொருளைக் கண்டுகொள்ளட்டும்.