நாலு மாதத்து வீரர்கள்

மாரத்தான் ஓட்டத்துக்குப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால் உடனே ஒரு கேள்வி வருகிறது: "எத்தனை மணி நேரத்தில் முடிப்பீர்கள்?" ஏன் ஓடுகிறாய் என்று கேட்பாரில்லை. ஓடும்போது மனத்தில் என்ன தோன்றுகிறது என்று கேட்பாரும் இல்லை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் பிள்ளைக்குச் சம்பளம் என்ன என்று விசாரிக்கிற மாதிரி, நேரம் என்ன என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியை நம்பி ஒரு வியாபாரமே நடக்கிறது. "16 வாரத்தில் நீங்களும் மாரத்தான் வீரர்!" நாற்காலியில் இருபது வருஷம் உட்கார்ந்து தேய்ந்த உடம்பை நாலே மாதத்தில் 42 கிலோமீட்டருக்கு மேல் ஓடவைத்து, கழுத்தில் பதக்கமும் மாட்டி, போட்டோவும் பிடித்து அனுப்பிவிடுவார்களாம். இதை நான் முழு மூச்சோடு எதிர்க்கிறேன். எனக்கு மூச்சு மிச்சமிருக்கிறது. காரணம், நான் மெதுவாக ஓடுகிறவன்.

16 வாரக் கணக்கே பொய் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே வாரத்தில் நாலு நாள் ஓடிப் பழகியவனுக்கு அது பொருந்தும். அவனுக்காகப் போட்ட கணக்கை, மாடிப்படி ஏறினாலே இளைக்கிறவன் தலையில் கட்டுவதுதான் அக்கிரமம். ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதத்திலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிடுகிறது. மனிதனுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் எலும்பும் தசைநாரும் இருதயத்தைப் போலச் சுறுசுறுப்பான உத்தியோகஸ்தர்கள் அல்ல. அவர்கள் மேஜையில் கோப்பு நகர மாதக்கணக்காகும். அதற்குள் அவசரப்பட்டவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான். "உங்கள் மனவுறுதி போதவில்லை" என்கிறார் பயிற்சியாளர். கட்டணத்தை மட்டும் முதல் நாளே வாங்கிக்கொண்டாயிற்று.

நாற்பதைத் தாண்டியவன் ஓடத் தொடங்குமுன் போக வேண்டிய இடம் பூட்ஸ் கடை அல்ல, வைத்தியர் வீடு. ஓட்டத்தைப் பற்றி 1977-இல் புத்தகம் எழுதி அமெரிக்காவையே ஓடவைத்த ஜிம் ஃபிக்ஸ், 1984-இல் 52 வயதில் ஓடப் போன இடத்திலேயே மாரடைப்பால் இறந்தார். அவருடைய தகப்பனாரும் இருதய நோயால் 43 வயதில் போனவர். ஓட்டம்தான் ஃபிக்ஸைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அடைபட்ட இரத்தக் குழாய் ஓடுவதால் மட்டும் திறந்துகொள்ளாது. இந்த ஒரு சேதியையாவது அந்த விளம்பரங்களில் ஒரு மூலையில் அச்சிடலாம்.

மெதுவாக ஓடுவது ஓட்டமே அல்ல என்று பரிகசிக்கிறவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நடந்த மாரத்தானில் முன்னால் பாய்ந்தவர்கள் யார்? பிரான்சின் லெர்முசியோ, அமெரிக்காவின் பிளேக், ஆஸ்திரேலியாவின் ஃபிளாக். அந்த ஒலிம்பிக்கின் 1500 மீட்டர் ஓட்டத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த சூரர்கள். மூன்று பேரும் பாதி வழியிலும் முக்கால் வழியிலுமாக விழுந்தார்கள். நிதானமாகப் பின்னால் வந்த ஸ்பிரிடான் லூயிஸ் ஜயித்தார். அவர் தண்ணீர் சுமந்து பிழைத்தவர். நியூஜிலாந்தின் ஆர்தர் லிடியார்டு, வெறும் 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லை வாரந்தோறும் 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓடவிட்டார். 1960-இல் ரோமில் ஸ்னெல்லுக்குத் தங்கப் பதக்கம். மாதக்கணக்கில் தூரம், அப்புறம்தான் வேகம் என்பதே அவர் கண்ட முறை. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியாவிட்டால் நீங்கள் அளவுக்கு மீறி ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். வாய் மூடாமல் பேசுகிற நம் ஜனங்களுக்கு இதைவிடச் சௌகரியமான அளவுகோல் வேறென்ன வேண்டும்?

நம் ஊர்க் காற்று வேறு இருக்கிறது. மெரினாவில் விடியற்காலை ஐந்து மணிக்கே சட்டை நனைந்துவிடுகிறது. காற்றில் ஈரம் இருந்தால் வேர்வை உலராது. உலராத வேர்வை உடம்பைக் குளிரவைக்காது. இருதயம் இரட்டை வேலை செய்கிறது. குளிர்தேசத்துக்காரன் அவன் ஊர்ச் சாலையில் ஓடிய வேகத்தைக் கடிகாரத்தில் பதித்துக்கொண்டு இங்கே ஓடுவது விவேகமல்ல.

என் கட்சிக்குப் பாதகமான ஒரு சாட்சியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2002-இல் பாஸ்டன் மாரத்தான் முடிவில் 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச் சத்து குறைந்திருந்தது. தாகத்துக்கு மேல் குடித்து எடை கூடியவர்களும், நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுமே அதிகம் அகப்பட்டார்கள். ஆகவே என்னைப் போன்ற ஆமைகள் வழியில் கண்ட மேஜையிலெல்லாம் குடம் குடமாகக் குடிக்கக் கூடாது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

ஆனால் தாகத்துக்காவது தண்ணீர் வேண்டுமே! சென்ற ஆண்டு ஓர் அரை மாரத்தானில் நான் கண்டதைச் சொல்கிறேன். கடைசித் தண்ணீர்ப் பந்தலை நாங்கள் ஐந்தாறு பேர் அடைந்தபோது மேஜையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அறுபது வயதிருக்கும், ஓர் அம்மாள் லாரிக்காரப் பையனிடம், "தம்பி, ஒரு வாய்த் தண்ணி இருந்தாக் குடுப்பா" என்றார்.

"டைம் முடிஞ்சுபோச்சும்மா. ரோட்டைத் திறக்கணும்னு போலீஸ் சொல்லிட்டாங்க."

அவன் மேல் குற்றமில்லை. கீழே இறங்கித் தன் சொந்தப் பாட்டிலைக் கொடுத்தான். முதலில் வந்தவனும் அந்த அம்மாளும் கட்டிய கட்டணம் ஒன்றுதான். அமெச்சூர் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு நேசிப்பது என்று பொருள். அந்த அம்மாளைவிட இந்த ஓட்டத்தை நேசித்தவர் அன்று அந்தச் சாலையில் வேறு யார்? ஃபௌஜா சிங் முதல் மாரத்தான் ஓடியது 2000-இல், 89 வயதில் என்கிறார்கள். 2011-இல் டொரண்டோவில் அவர் எடுத்துக்கொண்டது எட்டு மணி நேரத்துக்கு மேல். நம் லாரி அவருக்கும் காத்திருக்காது.

சாலையை நாளெல்லாம் மூடிவைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மெதுவாக ஓடுகிறவர்களை ஒரு மணி நேரம் முன்னதாக, இருட்டிலேயே அனுப்பிவிடலாம். வெயிலும் குறையும், போலீசுக்கும் தொந்தரவில்லை. இதை அந்தப் பந்தயத்தை நடத்தியவர்களில் ஒருவரிடம் சொன்னேன்.

"நல்ல யோசனைதான் சார். ஆனா நீங்களும் பயிற்சியைக் கொஞ்சம் கூட்டலாமே? 16 வாரத்துல ஒரு திட்டம் இருக்கு..." என்று பையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்தார்.