வாயில்லா நோயாளி

காய்ச்சலா? ஒரு பாரசிட்டமால். கால் நொண்டுகிறதா? அப்பாவுக்கு மூட்டுவலிக்கு வாங்கிய மாத்திரையில் பாதி. வயிற்றுப்போக்கா? தயிர்சாதம். இந்தியக் குடும்பங்கள் தங்களுக்குச் செய்துகொள்ளும் கைவைத்தியத்தையே வீட்டு நாய்க்கும் செய்து பார்க்கின்றன. மும்பை அடுக்குமாடியில் வளரும் பொமரேனியனும் சரி, லக்னோ பங்களாவைக் காக்கும் அல்சேஷனும் சரி, டாக்டரைப் பார்க்கும் முன்பே இரண்டு நாள் 'சிகிச்சை'யில் இருந்துவிடுகின்றன. அன்பில் குறையில்லை. ஆனால் நோயைவிட இந்தச் சிகிச்சை பல சமயம் மோசமானது.

மனிதர்கள் சாதாரணமாக விழுங்கும் வலி மாத்திரைகளை நாயின் உடல் அவ்வளவு எளிதாகச் சமாளிப்பதில்லை. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கும்; ரத்த வாந்தியும் கறுத்த மலமும் வரும்; சிறுநீரகம் பழுதாகும். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் குறைக்கும். ஓர் உயிருக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு நஞ்சாகலாம் என்பதை இந்தியா பெரிய விலை கொடுத்துக் கற்றது. டைக்ளோஃபெனாக் கொடுக்கப்பட்ட மாடுகளின் சடலங்களைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மாண்டன. கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவதை அரசு 2006இல் தடை செய்தது. சொறிக்குப் பயன்படும் ஐவர்மெக்டினும் இப்படித்தான். பல நாய்களுக்கு அது நல்ல மருந்து. காலி போன்ற சில இன நாய்களில் பலவற்றுக்கோ பிறவியிலேயே உள்ள ஒரு மரபணுக் கோளாறால் அதே மருந்து மூளையைத் தாக்கிவிடும்.

ஆகவே வீட்டிலிருப்பவர்கள் கற்க வேண்டிய முதல் பாடம் மருந்து கொடுப்பதல்ல, கவனிப்பது.

பார்க்கத் தெரிந்த கண்

மூக்கு ஈரமாக இருந்தால் நாய் நலம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் தூங்கி எழுந்த நாயின் மூக்கும் காய்ந்துதான் இருக்கும். காய்ச்சலைச் சொல்ல வேண்டியது தெர்மாமீட்டர். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது ஆரோக்கியமான நாயின் உடல்சூடு ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நமக்குக் காய்ச்சல் எனப்படும் சூடு அதற்கு இயல்பு.

அடுத்தது ஈறு. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். வெளுத்தே இருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. மஞ்சளாக இருந்தால் கல்லீரலோ ரத்த அணுக்களோ பாதிக்கப்பட்டிருக்கலாம். நீலம் பாரித்திருந்தால் மூச்சுக்குத் திண்டாடுகிறது. தோள்பட்டை மேல் தோலைச் சற்றுத் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம்போல் நின்றால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். இத்தனையையும் நாய் நலமாக இருக்கும் நாளிலேயே பார்த்துப் பழகியிருப்பது நல்லது.

வளர்ந்த நாய் ஒருமுறை வாந்தி எடுத்து, பிறகு வழக்கம்போல் வாலை ஆட்டினால் பதற்றம் தேவையில்லை. ஒரு வேளை உணவை நிறுத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பிறகு மசாலாவும் எண்ணெயும் இல்லாமல் வேகவைத்த சோறும் கோழியும் தரலாம். ஆனால் இந்தப் பொறுமை குட்டிகளுக்குப் பொருந்தாது.

குட்டிகளின் எமன்

ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள குட்டி சோர்ந்து படுத்து, வாந்தி எடுத்து, துர்நாற்றத்துடன் ரத்தம் கலந்து பேதியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பார்வோ வைரஸை. 1978இல் அடையாளம் காணப்பட்ட இந்தக் கிருமி ஓரிரு ஆண்டுகளிலேயே உலகைச் சுற்றி வந்தது. வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் பரவலாகக் கிடைப்பதில்லை. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, வாந்தியை அடக்கி, உடன் வரும் பாக்டீரியாக்களைத் தடுத்து, குட்டியின் உடலே போரிட்டு ஜெயிக்க அவகாசம் தேடித் தருவதுதான் சிகிச்சை. முழுமையாகக் கிடைத்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. கிடைக்காவிட்டால் பெரும்பாலானவை இறக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சில சமயம் ஒரே இரவுதான்.

தடுப்பூசி போட்ட குட்டிக்கும் பார்வோ வருவதுண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியின் வேலையை அது முடக்கிவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று 16 வாரம் ஆகும்வரை ஊசி தொடர வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்துவது பாதி கட்டிய மதில். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. ஆனாலும் முப்பது நாள் குட்டிகள் அட்டைப் பெட்டியில் கைமாறுகின்றன. 'ஊசி போட்டாயிற்று' என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், தேதியும் மருந்தின் ஸ்டிக்கரும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். பார்வோ வந்துபோன வீட்டின் மண்ணில் வைரஸ் பல மாதம் உயிரோடிருக்கும். ஃபினாயிலை நம்ப முடியாது; தரையைக் கழுவப் பிளீச்சிங் கரைசல் வேண்டும்.

உண்ணி விட்டுச்செல்லும் காய்ச்சல்

குட்டிப் பருவம் தாண்டிய நாய்களுக்கு நம் நாட்டில் ஓயாத தலைவலி உண்ணி. அரிப்போடு போனால் பரவாயில்லை. அது எர்லிக்கியா, பபீசியா போன்ற கிருமிகளை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் சிறுநீர் ஆகியவை உண்ணிக் காய்ச்சலின் அடையாளங்கள். எர்லிக்கியா கிருமி வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உடலில் பதுங்கியிருக்கவும் கூடும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொண்டு டாக்ஸிசைக்ளின் தொடங்கினால், மூன்று நாளில் நாய் சாப்பிட ஆரம்பித்துவிடும். அதோடு மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. இந்தச் சிகிச்சை வழக்கமாக நான்கு வாரம் நீடிக்க வேண்டும்.

நாயைக் குளிப்பாட்டுவது பாதி வேலைதான். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. வீட்டையும் சுத்தம் செய்தால்தான் சங்கிலி அறுபடும். ஒட்டியிருக்கும் உண்ணியைத் தோலுக்கு அருகில் இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சி வைப்பதும் கூடாது. பிடரியில் விடும் சொட்டு மருந்து, கழுத்துப் பட்டை, ஒன்று முதல் மூன்று மாதம்வரை காக்கும் மாத்திரை ஆகியவை இப்போது கிடைக்கின்றன. நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மாத்திரைக்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த மருந்துகள் பக்கமே போகக் கூடாது. அது பூனைக்கு நஞ்சு.

வெயிலும் சமையலறையும்

நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். டெல்லியின் மே மாத வெயிலில் சைபீரிய ஹஸ்கியும், மூக்கு சப்பையான பக்கும் படும் பாடு சொல்லி மாளாது. நிறுத்திய காருக்குள் பத்து நிமிடமே ஆபத்தாகலாம். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் வடித்து, தள்ளாடினால் முதலில் சாதாரணத் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி விசிறியடியில் வைக்க வேண்டும். டாக்டரிடம் ஓடுவது அதற்குப் பிறகு.

சமையலறையிலும் எதிரிகள் உண்டு. சாக்லேட் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் உள்ள ஸைலிட்டால் ரத்தச் சர்க்கரையைச் சரிக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே குற்றவாளியாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2022இல் அவர்கள் பதிவு செய்தார்கள். புளிக்குழம்புச் சோற்றை நாய்த் தட்டில் கொட்டும் வீடுகள் யோசிக்க வேண்டிய செய்தி இது.

காத்திருக்கவே கூடாத இன்னும் இரண்டு: வயிறு உப்பி, வாந்திக்கு முயன்று எதுவும் வராமல் தவிக்கும் பெரிய இன நாய், பருவம் முடிந்த சில வாரங்களில் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, சீழ் கசியும் பெண் நாய். முன்னதற்கு இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். பின்னதற்குக் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். இரண்டுக்கும் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான் வழி.

தொண்டையில் எலும்பா?

கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் நிற்கும் நாயைப் பார்த்தால் எலும்பு சிக்கியிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிரியத்தோடு வாய்க்குள் கையையும் விடுவார்கள். வெறிநோயின் ஒரு வகை இப்படித்தான் தொடங்குகிறது. எல்லா வெறிநாயும் துரத்திக் கடிப்பதில்லை. சில மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். அறிகுறி தோன்றிவிட்டால் நாய்க்கும் சரி, மனிதருக்கும் சரி, ஏறத்தாழ மரணம் நிச்சயம். இத்தகைய நாயின் வாயைத் தொடாமல், தனியே அடைத்து, டாக்டரை அழைக்க வேண்டும்.

எச்சில் பட்ட காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் வேண்டாம், மிளகாய்ப் பொடியும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும். ரத்தம் கசிந்த காயமாக இருந்தால் இம்யூனோகுளோபுலினும் தேவை. தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தப் பழைய ஊசிகளின் காலம் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகிவிட்டன. இப்போது கையில் சில ஊசிகள்தான். நாய்களால் பரவும் வெறிநோயை 2030க்குள் ஒழிக்கும் தேசிய செயல் திட்டத்தை மத்திய அரசு 2021இல் வெளியிட்டது. அதில் ஒவ்வொரு வீட்டின் பங்கு சிறியது: மூன்று மாதத்தில் நாய்க்கு முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் அடுத்தது.

நோயாளி பேசாது என்பதால் அதை அழைத்து வருபவரிடம்தான் டாக்டர் கேட்பார். எப்போது தொடங்கியது? கடைசியாக என்ன தின்றது? தடுப்பூசி அட்டை எங்கே? வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள்? முதல் மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் பாதி வைத்தியம் ஆன மாதிரி. நான்காவதற்கு, 'எதுவும் கொடுக்கவில்லை' என்பதே நல்ல பதில். கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லி, மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.