முதல்ல ஈசிஜி, அப்புறம் கார்டு

1/ இடைசெவல், கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் உங்க வீட்ல பட்டாளத்துல இருந்து ஓய்வு பெற்றவர் இருக்காரா? அப்ப இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கடைசி வரைக்கும் படிங்க.

2/ முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் திட்டம் 2003 ஏப்ரல்ல ஆரம்பிச்சது. பாலிகிளினிக்ல ரெஃபரல் வாங்கிட்டு, பட்டியல்ல உள்ள தனியார் ஆஸ்பத்திரில பணம் கட்டாம வைத்தியம் பாக்கலாம். நல்ல திட்டம். நாட்டுக்கு உழைச்சவங்களுக்கு உரிய மரியாதை.

3/ சிக்கல் எங்கன்னா, நெஞ்சுவலி வந்ததும் "கார்டு எங்க செல்லும்?"னு யோசிக்கிறாங்க. பக்கத்துல இருக்குற ஜிஹெச்சைத் தாண்டி நெல்லைக்கோ மதுரைக்கோ கார்ல கிளம்பிடுறாங்க. வழியில ஈசிஜி கிடையாது, மருந்து கிடையாது. அடைப்பு இருக்குற ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துட்டே இருக்கும்.

4/ "ஜிஹெச்ல ஸ்டென்ட் வைக்க மாட்டாங்களே, அங்க எதுக்கு?"னு கேப்பீங்க. பெரிய அட்டாக்னு ஈசிஜியில தெரிஞ்சதுல இருந்து 2 மணி நேரத்துக்குள்ள ஸ்டென்ட் வைக்க முடியாதுன்னா, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை உடனே போடணும். அதுதான் உலகம் முழுக்க உள்ள நடைமுறை. அப்புறம் 24 மணி நேரத்துக்குள்ள ஆஞ்சியோவுக்கு அனுப்பலாம். ஊசி யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாதுன்னு டாக்டர் பாத்துச் சொல்வார். ஜிஹெச்ல இது இலவசம்.

5/ உயிர் ஆபத்துன்னா ரெஃபரல் தேவையில்ல. பட்டியல்ல இல்லாத ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகலாம். 48 மணி நேரத்துக்குள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிடுங்க. பணம் கட்டியிருந்தா பில்லைப் பத்திரமா வைங்க, திரும்பக் கேக்கலாம்.

6/ ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்துல இருந்தா அங்கயும் போகலாம். 2023 ஜூன்ல வந்த 'இதயம் காப்போம்' திட்டத்துல, அட்டாக்குக்கான முதல் டோஸ் மாத்திரைகள் அங்கயே இருக்கு. நீங்களா வாங்கிப் போடாதீங்க.

7/ பட்டாளத்துக்காரங்க வலியை வெளிய சொல்ல மாட்டாங்க. "வாயுப்பா, ஒரு சோடா வாங்கிட்டு வா"ம்பாங்க. சுகர் இருந்தா வலியே இல்லாம வேர்வை, மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். அவர் பேச்சைக் கேக்காதீங்க, கூட்டிட்டு வாங்க.

8/ அரசுக்கும் ஒரு கேள்வி. பாலிகிளினிக் பாதுகாப்பு அமைச்சகத்தோடது, ஜிஹெச் மாநில அரசோடது. நோயாளி ஒருத்தர்தான். ரெண்டையும் இணைக்கிறது அவர் கையில இருக்குற பிளாஸ்டிக் கவர் மட்டும்! பழைய ஈசிஜி ஜிஹெச் டாக்டருக்கும், ஜிஹெச்ல போட்ட ஊசி விவரம் பாலிகிளினிக்குக்கும் நேரா போய்ச் சேரணும். கோவில்பட்டி மாதிரி ஊர்கள்ல ராத்திரி டியூட்டில இருக்குறது பெரும்பாலும் என்னை மாதிரி எம்பிபிஎஸ் டாக்டர்தான். ஈசிஜியை அனுப்பிக் கேக்க எந்நேரமும் ஒரு இதய மருத்துவர் போன்ல கிடைக்கணும். புதுக் கட்டடத்தை விட இது அவசரம்.

9/ இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. இசிஎச்எஸ் கார்டு, பழைய ஈசிஜி, சாப்பிடுற மாத்திரை லிஸ்ட், மூணையும் ஒரே கவர்ல போட்டு எல்லாருக்கும் தெரியற இடத்துல வைங்க. வலி வந்தா 108. ஊர் வாட்ஸ்அப் குரூப்ல இதைப் போட்டு விடுங்க.