ஜெபித்து எழுதினாயா, யோசித்து எழுதினாயா?

நம் சபைகளில் ஒரு வகைச் சாட்சி உண்டு. அதைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. பாடகர் மைக்கைப் பிடிப்பார். கண்ணை மூடுவார். பின்னால் கீபோர்டு மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். "இந்தப் பாட்டைக் கர்த்தர் ராத்திரி மூணு மணிக்குக் கொடுத்தார். அஞ்சே நிமிஷம். ஒரு வரிகூட நான் யோசிக்கல" என்பார். கூட்டம் அல்லேலூயா சொல்லும். அப்புறம் பாட்டு வரும். கேட்டு முடித்ததும், அவர் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் சந்தேகமே இல்லாத உண்மை என்று தெரிந்துவிடும் :-)

கிண்டலுக்காக இதை எழுதவில்லை. எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஒரு தங்கை இருக்கிறாள். பதினொன்றாம் வகுப்பு. கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்கு ஒரு பாட்டு எழுதி, ஒரு மாதம் அடித்து அடித்துத் திருத்திக் கொண்டுவந்தாள். நோட்டைப் பார்த்தேன். ஒரு சரணத்துக்கு மட்டும் நான்கு பக்கம் கிறுக்கல். மரியாள் பிரசவ வலியில் என்ன நினைத்திருப்பாள் என்பது அந்தச் சரணம். பெரியவர் ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ஜெபிச்சு எழுதினியா, யோசிச்சு எழுதினியாம்மா?" இவள் என்ன சொல்வாள்? "ரெண்டும்தான் ஐயா" என்றாள். "ஆவியானவர் கொடுத்திருந்தா இவ்வளவு அடிச்சல் திருத்தல் இருக்காதும்மா, இதுல சுயம் இருக்கு" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதோடு அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். நானும் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. "எதுக்குண்ணா, பாவமாயிடும்" என்கிறாள். யோசிப்பது பாவம் என்று ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். கிறிஸ்தவத்தின் பெயரால்!

இந்தக் கொள்கைக்கு வசனம் இருக்கிறதா என்றால், இருக்கிறது என்பார்கள். என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள், அந்த நேரத்தில் அது உங்களுக்கு அருளப்படும் என்று இயேசு சொன்னதைக் காட்டுவார்கள். மத்தேயு பத்தாம் அதிகாரம். தயவுசெய்து அந்தப் பத்தியை மேலிருந்து படியுங்கள். ஆலோசனைச் சங்கங்களில் ஒப்புக்கொடுக்கப்பட்டு, அதிபதிகள் முன்பாக இழுத்துக்கொண்டு போகப்படுகிறவர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. தயாரிக்க நேரமே கிடைக்காத கைதிக்கு. டிசம்பர் கச்சேரிக்கு ஆறு மாதம் முன்பே ஸ்டூடியோ புக் செய்கிறவருக்கு அல்ல.

சரி, வேதாகமத்தில் இருக்கிற ஜெபங்கள் எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்று பார்ப்போமா? 119-ஆம் சங்கீதம். மொத்தம் 176 வசனம். ஏன் 176? எபிரெய மொழியில் எழுத்து 22. ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டு வசனம், எட்டும் அதே எழுத்தில் தொடங்கும். 22 பெருக்கல் 8. அந்தாதி, சித்திரகவி எல்லாம் கண்ட தமிழனுக்கு இது என்ன வகை வேலை என்று விளக்க வேண்டியதில்லை. இதை எழுதியவர் விரல்விட்டு எண்ணியிருக்கிறார். சொல் கிடைக்காமல் அலைந்திருக்கிறார்.

அதுகூடப் பரவாயில்லை, அது வேதத்தின் மேல் காதல், நிதானமாக உட்கார்ந்து எழுதியது என்பீர்கள். புலம்பல் புத்தகத்தை எடுங்கள். எருசலேம் எரிந்து, குழந்தைகள் தெருவில் பசியால் மயங்கி விழுந்த பிறகு எழுந்த அழுகை அது. அதற்கு மேல் உள்ளம் உடைந்த ஜெபம் கிடையாது. அந்த அழுகையின் முதல் நான்கு அதிகாரங்களும் அதே அகரவரிசைக் கட்டில்தான் இருக்கின்றன. மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வொரு எழுத்தும் மூன்று முறை, ஆக 66 வசனம். தன் ஊர் சாம்பலாகிக் கிடக்கும்போது ஒருவர் எழுத்தை எண்ணி அழுதிருக்கிறார். அவரிடம் போய் "இதுல சுயம் இருக்கு" என்று சொல்லிப் பாருங்களேன்.

இயேசுவே என்ன செய்தார்? வீண் வார்த்தைகளை அலப்பாதீர்கள் என்று எச்சரித்த கையோடு, அடுத்த மூச்சில், சொல் எண்ணிக் கட்டிய ஒரு ஜெபத்தைக் கொடுத்தார். கெத்செமனேயில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு மெனக்கெட்டு எழுதிவைத்திருக்கிறார். சிலுவையில் அவர் வாயில் வந்தது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. பல நூற்றாண்டு முன்னால் யாரோ எழுதிவைத்த பாட்டு. புதுசாக ஒன்று "அருளப்பட்டிருக்க" வேண்டுமென்றால் அந்த இடத்தில் அல்லவா அருளப்பட்டிருக்க வேண்டும்?

இந்த இடத்தில் யாராவது ஹாண்டலைக் கொண்டுவருவார்கள். (கட்டாயம் வருவார். கன்வென்ஷன் பிரசங்கங்களில் அவருக்கு நிரந்தர இடம் உண்டு.) 'மெசியா'வை 24 நாளில் எழுதி முடித்தார், இது ஆவியானவரின் செயல் இல்லையா என்பார்கள். 24 நாள் உண்மைதான். 1741 ஆகஸ்ட் 22-ல் தொடங்கி செப்டம்பர் 14-ல் முடித்தார். ஆனால் கணக்குப் படிக்கிற பையன் என்பதால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தச் செலவுப் பட்டியலைப் பார்த்தாலும் விட்டுப்போன தலைப்பைத் தேடுவேன். ஹாண்டலுக்கு அப்போது வயது 56. முதல் ஓபராவை ஹாம்பர்க்கில் மேடையேற்றியது 1705-ல். அந்த 36 வருட உழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? வேத வசனங்களைத் தேர்ந்து, அடுக்கிக் கொடுத்தவர் சார்ல்ஸ் ஜென்னன்ஸ் என்ற நண்பர். அவருடைய உழைப்பு? நமக்கு ஒரு பாலகன் பிறந்தார் என்று பாடகர் குழுக்கள் உருகிப் பாடுகிற அந்தக் கோரஸின் மெட்டு, அதே வருடம் கோடையில் ஹாண்டல் எழுதிய இத்தாலியக் காதல் டூயட் ஒன்றிலிருந்து எடுத்தது. தன் பழைய சரக்கை எடுத்துப் புது வேலைக்குப் பொருத்தியிருக்கிறார், எந்த நல்ல தச்சனும் செய்வதுபோல. 1742-ல் டப்ளினில் அரங்கேறிய பிறகும், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பாடகருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேதான் இருந்தார். 24 நாள் என்பது கடைசிப் பற்றுச்சீட்டு மட்டும்.

எதிர்த்தரப்பில் நான் உண்மையிலேயே மதிக்கிற ஒருவர் இருக்கிறார். ஜான் பனியன். எழுதிவைத்த ஜெபத்தை வாசிப்பதே ஜெபமல்ல என்று சிறையில் இருந்தபடியே ஒரு புத்தகம் போட்டவர். அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் ஏறத்தாழ 12 வருடம் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர். அரசாங்கமே ஜெபப் புத்தகத்தை அச்சடித்து இதைத்தான் சொல்ல வேண்டும் என்று மிரட்டிய காலத்தில், அவர் கோபம் நியாயமானது. ஆனால் அதே பனியன் 'மோட்சப் பிரயாணம்' எழுதினார். 1678-ல் முதல் பதிப்பு. அதே வருடம் வந்த இரண்டாம் பதிப்பில் புதிய பகுதிகளைச் சேர்த்தார். எல்லாருக்கும் நினைவிருக்கும் அந்த உலக ஞானி பாத்திரமே முதல் பதிப்பில் கிடையாது. திருத்தும்போது வந்தவன் அவன். ஆவியில் ஜெபிக்க வேண்டும் என்று சிறைக்குப் போனவர், பேனாவை எடுத்தபோது திருத்தி எழுதினார். இரண்டுக்கும் அவருக்கு முரண்பாடு தெரியவில்லை.

அந்தப் புத்தகம்தான் பின்னால் நம்மூர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை கையில் 'இரட்சணிய யாத்திரிகம்' ஆனது. பாளையங்கோட்டை அருகே கரையிருப்பில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்தவர். 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். காப்பியம் நூலாக வந்தது 1894-ல். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தம். ஆத்துமா இரட்சிக்கப்பட்ட அன்றே காப்பியமும் இறங்கி வந்துவிடவில்லை, நடுவில் முப்பத்தாறு வருடம் இருக்கிறது. கம்பன் கற்றுக்கொடுத்ததை அவர் தூக்கி எறியவும் இல்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமுக்குக் குறவஞ்சி பாடினார். குறத்தி, குறி, மலைவளம் எல்லாம் சேர்ந்த அந்த நாடக வடிவத்தின் இலக்கணம் தெரியாமல் அதைப் பாட முடியுமா? ஆபிரகாம் பண்டிதரோ, வைத்தியமும் விவசாயமும் பார்த்துக்கொண்டே சுருதிக் கணக்கை ஆராய்ந்து 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்று தலையணை அளவு புத்தகம் வெளியிட்டார். இவர்கள் பாட்டை இன்றும் பாடுகிறோம். இவர்கள் வேலை செய்த விதத்தை மட்டும் 'மாம்சம்' என்கிறோம்.

இன்னொன்று. வேகம்தான் ஆவியின் அடையாளம் என்றால் இன்று நிலைமை மோசம். ஐந்து நிமிடம்கூட வேண்டாம், ஏஐ செயலியிடம் கேட்டால் ஐந்து நொடியில் நான்கு சரணம் தருகிறது. அடித்தல் திருத்தல் கிடையாது. சுயமும் கிடையாது, சத்தியமாக! "கிருபை", "பரலோகம்", "உன்னதர்" எல்லாம் சரியான இடத்தில் விழுகின்றன. அந்தப் பெரியவருடைய அளவுகோலில் அது நூற்றுக்கு நூறு வாங்கும்.

அப்படியானால் ஜெபம் எதற்கு என்று என் கல்லூரி நண்பர்கள் கேட்பார்கள். உழைத்தால் போதாதா, நடுவில் கடவுள் எதற்கு என்று. அவர்களோடு வேறொரு நாள் சண்டை போடலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எழுதிய பக்கத்தை முன்னால் வைத்து ஜெபிக்கும்போது பாட்டு இறங்கி வருவதில்லை. நான் மிகவும் ரசித்து எழுதிய வரி ஒன்று இருக்கும், அது அங்கே நிற்க முடியாமல் தவிக்கும். யாரையோ அசத்துவதற்காக எழுதிய வரி அது என்று தெரிந்துவிடும். அடிப்பேன். கை கூசாமல் அடிக்கத் தைரியம் கிடைக்கிறது. எனக்கு ஜெபம் அதிகமாகச் செய்துகொடுத்திருப்பது இந்த அடிக்கிற வேலையைத்தான்.

ஃபிளானரி ஓகானர் என்ற அமெரிக்க எழுத்தாளர், 1946-47-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது, ஒரு நோட்டில் கடவுளுக்கு ஜெபங்கள் எழுதினார். 2013-ல்தான் அது புத்தகமாக வந்தது. அப்போது அவருக்கு ஏறக்குறைய என் வயது. நல்ல எழுத்தாளராக்கும் என்று கூச்சமே இல்லாமல் கேட்கிறார். பிரசுரமாக வேண்டும் என்றும் கேட்கிறார். கேட்டுவிட்டு, இது சுயநலமோ என்று தன்னையே குடைகிறார். கடவுளும் புகழும் ஒரே பக்கத்தில் முட்டிக்கொள்கின்றன. அந்த நாட்களில் தொடங்கிய நாவலை வருடக்கணக்கில் மாற்றி மாற்றி எழுதி 1952-ல் வெளியிட்டார். 39 வயதில் இறந்துபோனார்.

அந்த நோட்டை நம் பெரியவர்கள் கையில் கொடுத்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உங்கள் சபையில் எழுதுகிற பிள்ளைகள் இருந்தால், அடுத்த கிறிஸ்மஸுக்கு அவர்களிடம் பாட்டை மட்டும் கேட்காதீர்கள். அடித்துத் திருத்திய நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பீடத்தில் காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு இடம் இருக்கிறது.