கணக்கின் சாவி யார் கையில்?



சந்தா, அங்கத்துவம், சேமலாப நிதி முறைப்பாடு எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும் என்ற பேச்சு நம் சங்கத்தில் எழுந்துள்ளது. "கம்பனியிடம் ஆயத்தமாக உள்ள மென்பொருளை வாங்கிவிடுவோம், நமக்கேன் வீண் வேலை?" என்கிறார்கள் சிலர். நாம் அதை ஏற்கவில்லை.

நம் சம்பளத்தில் சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடிக்கிறார்கள். தோட்டம் 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம். இது சட்டம். ஆனாலும் ஓய்வுபெற்ற நம்மவர்கள் ஏன் அலைகிறார்கள்? செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். ஆங்கிலத்தில் ஓரெழுத்து பிசகினாலும் பாடுபட்ட காசு முடங்குகிறது. கடைக் கணக்குக்குச் செய்த மென்பொருளுக்கு இந்த வலி தெரியுமா? அரைப்பேர் என்றால் என்னவென்று அதற்குத் தெரியுமா?

"நம்மால் செய்ய முடியுமா?" என்று கேட்போர் 2004 டிசம்பர் 26ஐ நினைக்கட்டும். சுனாமி அதிக உயிர்களைப் பறித்தது நமது அம்பாறை மாவட்டத்தில்தான். காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய ஏற்ற மென்பொருள் கையில் இல்லாதபோது, இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களில் 'சஹானா'வை உருவாக்கினார்கள். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று மூலநிரலைத் திறந்து வைத்தார்கள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது உதவியது.

அதற்காக எல்லாவற்றையும் நாமே செய்யத் தேவையில்லை. வரவு செலவுப் பேரேடு எல்லோருக்கும் ஒன்றுதான், அதை வாங்கலாம். பெயர்ப் பிசகையும் பேர் வெட்டையும் பிடிக்கும் பதிவேட்டை மட்டும் நாமே செய்விப்போம். சம்மாந்துறையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. கணினி படித்த பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

"செய்த பிள்ளை வேலை கிடைத்துப் போய்விட்டால்?" நியாயமான கேள்வி. ஆகவே நிபந்தனைகள் வேண்டும். மூலநிரல் சங்கத்தின் சொத்தாக வேண்டும். விளக்கக் குறிப்பு தமிழில் இருக்க வேண்டும். குறைந்தது இருவராவது அதைப் பழகியிருக்க வேண்டும். பராமரிப்புச் செலவை ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். வாங்கும் மென்பொருளானாலும் நம் பதிவுகள் முழுவதையும் கேட்ட நாளில் வெளியே எடுத்துத் தர வேண்டும். மறுக்கும் கம்பனிக்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது.

செக்ரோல் தோட்டத்தின் கையில் இருப்பதால் படும் பாடு போதும். சங்கப் பதிவேட்டையும் இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.